சமக்குறியின் கீழ்க்கோடு

சாலிநத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது ஒரு சுவரின் முனை. ஆறடி உயரம், இரண்டடி அகலம், ஒரு தூண் மாதிரி ரோட்டைப் பார்த்து நிற்கும். அதன் பின்னால் வடக்கே ஓடைக்கரை வரைக்கும் முந்நூறு அடிக்குச் சுவர் ஓடும். தூணைப் பார்த்து நின்றால் உங்களுக்கு இடது கைப்பக்கம் ஊர், வலது கைப்பக்கம் காலனி. எதற்காக இதைக் கட்டினீர்கள் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், ஆடு மாடு தாண்டாமல் இருக்க என்று சொல்லப் பழகியிருந்தோம். எங்கள் ஊரில் ஆறடி தாண்டுகிற மாடு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் ஊர்ப்பக்கத்து ஆள், பெயர் வீரபாகு. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு, வால்வு திறந்துவிடுகிற வேலை, இருபத்திரண்டு வருசமாக. ஊர் வால்வைத் தினமும் திறப்பேன், காலனி வால்வை மூன்று நாளைக்கு ஒருமுறை திறப்பேன். இப்படி முறை வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது, எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித் திறந்தார், நானும் அப்படியே திறந்தேன், திறந்த கை ஒருநாளும் கூசியதில்லை.

காலனியில் சந்தனமாரி என்று ஒருத்தி இருந்தாள், புருசனைப் பறிகொடுத்தவள், செங்கல் சூளையில் மண் மிதித்துப் பிழைக்கிறவள். அவளுக்கு ஒரே மகள், அட்சயா, ஒன்பது வயது, நெஞ்சில் ஓட்டையோடு பிறந்த பிள்ளை. பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடும், உதடு நாவற்பழம் தின்ற மாதிரி நீலம் பாரித்துவிடும். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேசனுக்குப் பெயர் பதிந்து, தேதி எழுதிக் கொடுத்த அட்டை ஒன்றை சந்தனமாரி சுருக்குப்பையில் வைத்திருந்தாள். ஜனவரி இருபத்திநாலு. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஸ்டாப்பில் யாரையாவது நிறுத்தி அட்டையை நீட்டி, கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க என்பாள், எழுத்து தன்பாட்டுக்கு மாறியிருக்குமோ என்று அவளுக்குப் பயம். அந்தத் தேதிவரை பிள்ளையின் மூச்சு நிற்காமல் ஓட வேண்டும், சாமியிடம் அவள் வேறு எதையும் கேட்டதில்லை.

அட்சயா பக்கத்து டவுன் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம். எட்டுப் பத்து பஸ்ஸுக்கு ஏழே முக்காலுக்கே வந்து, களைப்பு ஆற, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். கணக்கு நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்ததால், அடுப்புக்கரித் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, தூணில் முதலில் போட்டுப் பார்த்து, சரியாக வந்த பிறகுதான் நோட்டில் ஏற்றும். ஐப்பசியில் ஒருநாள் காலையில் ஏழு, ஒரு கூட்டல், அஞ்சு, ஒரு சமக்குறி என்று எழுதி முடித்த நேரம் பஸ் வந்துவிட்டது, பிள்ளை விடையைப் போடாமலே ஏறிப் போய்விட்டது. அன்று சாயங்காலம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. மழை ஏழைக் கழுவியது, கூட்டலைக் கழுவியது, அஞ்சைக் கழுவியது. சமக்குறியின் இரண்டு கோடுகளை மட்டும் விட்டுவிட்டுப் போனது.

நாலாம் நாள் நான் ஊர் வால்வைத் திறந்தேன், காலனிக் குழாயிலும் தண்ணீர் வந்தது. காலனி வால்வைப் போய்ப் பார்த்தேன், இறுக மூடித்தான் இருந்தது. வாசர் போயிருக்கும் என்று மாற்றினேன், கிரீஸ் வைத்தேன், மறுநாளும் வந்தது. ஊரில் எத்தனை குடமோ காலனியிலும் அத்தனை குடம், ஒரு செம்பு கூடவில்லை, ஒரு செம்பு குறையவில்லை. மழைக்குப் பிறகு ஊரில் புதிதாக இருந்தது தூணில் நின்ற அந்த இரண்டு கோடுகள்தான், மறுவாரம் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பிள்ளையைக் கேட்டேன்.

"ஏத்தா, தூண்ல இருக்கிறது நீ கிறுக்கினதா?"

"கிறுக்கல தாத்தா. இஸ் ஈக்வல் டு." பிள்ளை ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டது. "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒண்ணுன்னு அர்த்தம்."

"வலது பக்கம் விடை வரும், அதான? நாங்களும் எட்டாப்பு வரைக்கும் படிச்சிருக்கோம்ல."

"நானும் அப்படித்தான் சொன்னேன். டீச்சர் இல்லைன்னுட்டாங்க. பன்னெண்டை இங்கிட்டுப் போட்டு, ஏழையும் அஞ்சையும் அங்கிட்டுப் போட்டாலும் சரிதானாம். அது அம்புக்குறி இல்லையாம், தராசாம். இங்கிலீஷ்ல 'செவன் ப்ளஸ் ஃபைவ் மேக்ஸ் ட்வெல்வ்'னு வாசிச்சா கோவம் வந்துரும் அவங்களுக்கு. 'இஸ் ஈக்வல் டு'ன்னுதான் வாசிக்கணும்."

பன்னிரண்டை இடது பக்கம் போடலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. ஒருநாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் ஊரில் விசயம் பரவி, மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் தலைவர் என்றால் அழகுமலைதான். பதவி போய்ப் பத்து வருசம் ஆகிவிட்டது, அந்தச் சேதியை அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விளக்கினார். "தூணைப் பாத்து நில்லுங்க. இடது பக்கம் யாரு, நம்ம. வலது பக்கம் யாரு, அவங்க. கணக்கு இடது பக்கம், விடை வலது பக்கம். நம்ம இருந்தாத்தான் அவங்க, நம்ம குடிச்சாத்தான் அவங்களுக்குத் தண்ணி. இதுல நமக்கு என்ன நட்டம்?" எல்லோருக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள் நிறைந்த ஊர் அது. விடை வலது பக்கம் வரும் என்பதைத் தவிர அந்தக் குறியைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் வேறொன்றும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும், பன்னிரண்டு இடது பக்கமும் வரும் என்று ஒரு பிள்ளை சொல்லியிருந்தது. எதற்கு வம்பு என்று நான் வாயைத் திறக்கவில்லை.

கார்த்திகை மாதம் முழுக்க ஊர் அதை ஒரு தர்மமாகவே நடத்தியது. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப் போய்த் தூணைக் காட்டினார்கள், எங்களால் அவங்களும் நல்லா இருக்காங்க என்று பெருமை பேசினார்கள், குறிக்கு மேலே மழை படாமல் ஒரு தகரத்தை வளைத்துக் கட்டினார்கள். காலனியில் அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள், மூன்று நாள் தண்ணீரைப் பானை பானையாகப் பிடித்து வைத்த பழக்கத்தை ஒரே வாரத்தில் விட்டார்கள், பிள்ளைகளைத் தினமும் குளிப்பாட்டினார்கள், மத்தியானத்தில் இதுவரை தெரிந்திராத ஒரு சுகமான தூக்கம் அவர்களுக்கு வந்தது. அது யாருடைய தூக்கம் என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

பிறகு ஊர்த் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. எங்கள் கிணறு கற்கண்டு, காலனிக் கிணறு உப்பு. இப்போது இரண்டும் பாதி உப்பு. எங்கள் சாக்கடை சுவருக்கு அடியில் ஒரு ஓட்டை வழியாகக் காலனிக்குள் போய்த் தேங்குவதுதான் வழக்கம், அது பாதி தூரத்தில் நின்று, பாதி எங்கள் தெருவில் தேங்கியது. நிழலில் உட்கார்ந்தே நாற்பது வருசத்தைக் கழித்தவர்கள் காலையில் எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஐயோ என்றார்கள், சூளை மண்ணை மிதித்துக்கூடப் பார்த்திராத பெண்களுக்குப் பாதம் பிளந்து ரத்தம் கசிந்தது. அழகுமலையின் சர்க்கரை பாதியாக இறங்கியது, காலனியில் இனிப்பை விசேசத்துக்கு மட்டும் பார்த்த ஒரு கிழவருக்கு மீதிப் பாதி ஏறியது, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் இரண்டு சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு மிசினைத் தட்டினார். சைக்கிளில் பெல் அடித்துக்கொண்டு போன காலனி இளவட்டம் ஒருவனை எங்கள் ஆள் ஒருவன் வழக்கம்போல அறைந்தான். அறைந்தவன் கன்னம் வீங்கியது.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. அன்பு வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், எங்களுக்கு வந்தது பயம். காலனியில் ஒரு குழந்தை இருமினால் ஊரில் இருந்து கசாயம் போனது, ஒரு கூரை ஒழுகினால் ஓலை போனது, கொடுத்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டே கொடுத்தார்கள். மார்கழி முதல் வாரம் காலனியில் ஒரு பெரியவர் செத்தார், அதே நேரத்துக்கு ஊரில் ஒரு பெரியவர் செத்தார். காலனிப் பிணம் ஊர்த்தெரு வழியாகப் போகக் கூடாது, ஓடைச் சகதியில் இறங்கித்தான் போக வேண்டும் என்பது எங்கள் சட்டம். அன்று நாங்களே ஓடிப்போய், தெரு வழியாப் போங்கப்பா, வழுக்கிக் கிழுக்கி விழுந்து தொலைச்சிராதீங்க என்று கெஞ்சினோம். இரண்டு பாடையும் ஒரே தெருவில் ஒன்றன் பின் ஒன்றாகப் போனது, கொட்டுக்காரர்கள் யாருக்காக அடிப்பது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் பொதுவாக அடித்தார்கள்.

அழகுமலைக்கு நிவேதா என்று ஒரு பேத்தி, அட்சயாவின் வயதுதான். மெட்ரிக் பள்ளி வேனில் போகிற பிள்ளை. எட்டுப் பத்து பஸ்ஸுக்கு அட்சயா தூணின் வலது பக்கம் நிற்கும், எட்டேகால் வேனுக்கு நிவேதா இடது பக்கம் நிற்கும். இரண்டு வருசமாக இரண்டடித் தூணுக்கு இரண்டு பக்கமும் நின்ற பிள்ளைகள், ஒருநாளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. மார்கழியில் அட்சயா நடுவில் உட்காராமல் வீட்டில் இருந்து தூண்வரை நடந்து வந்தது. நிவேதா வேனில் ஏறும்போது படியில் உட்கார்ந்துவிட்டது. அதன் உதட்டை நான் பார்த்தேன், நாவற்பழ நிறம்.

நிவேதாவின் அம்மா கௌசல்யா, அழகுமலையின் மருமகள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடினாள், ஸ்கேன் எடுத்தாள். நெஞ்சில் ஓட்டை, பிறவியிலேயே இருந்திருக்கும் என்றார் டாக்டர். போன வருசம் எடுத்த படத்தில் ஓட்டை கிடையாது, அந்தப் படமும் அவள் கையில்தான் இருந்தது. காரில் திரும்பி வந்தவள் வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாப்பில் இறங்கினாள், அங்கே சூளைக்கு வண்டி பார்த்து நின்ற சந்தனமாரிக்கு முன்னால் போய் நின்றாள். நான் குழாய்ச் சாவியோடு பத்தடி தள்ளி இருந்தேன்.

"உம்பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"முன்னைக்கு இப்பத் தேவலம்மா. நிக்காம நடக்கிறா."

"எம்பிள்ளையால நிக்க முடியல."

 சந்தனமாரி சுருக்குப்பையை அவிழ்த்து அட்டையை எடுத்து நீட்டினாள். "இதைக் கொஞ்சம் வாசிங்கம்மா."

"ஜனவரி இருபத்திநாலு," என்று கௌசல்யா வாசித்தாள்.

"அன்னைக்கு இவ நெஞ்சை அடைச்சிருவாங்க. இவளுக்கு அடைஞ்சா உங்க பிள்ளைக்கும் அடைஞ்சிரும்ல. அதுவரைக்கும் அந்தக் கோட்டை யாரும் தொடாமப் பாத்துக்கோங்கம்மா. உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்."

கௌசல்யா தூணைப் பார்த்தாள். கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் குறி இருந்தது, முந்தானையால் அழுத்தித் துடைத்தால் தன் பிள்ளை அந்த நிமிசமே ஓடி விளையாடலாம், மற்றப் பிள்ளையின் உயிர் அன்றைக்கே போய்விடலாம். அதை அவள் யோசிக்கவே இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அவள் அட்டையை மடக்கிச் சந்தனமாரியின் கையில் வைத்தாள். "விழ வேண்டாம். இருபத்திநாலு வரைக்கும்தான, பாத்துக்கிறேன்," என்றாள். மறுநாளில் இருந்து காலையில் இரண்டு பேரும் தூணடியில் நின்று இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டார்கள்.

பதினாறு நாள் இருக்கும்போது அழகுமலை வீட்டுக் குழாயை மாற்றப் போயிருந்தேன். கௌசல்யா மாமனாரிடம் பேசியது முழுக்கக் காதில் விழுந்தது.

"மாமா, உங்களுக்கு ஆஸ்பத்திரியில ஆள் பழக்கம் இருக்குல்ல. அந்தப் பிள்ளையோட ஆபரேசன் தேதியைக் கொஞ்சம் முன்னாடி கேட்டு வாங்குங்க."

"எந்தப் பிள்ளை?"

"காலனியில சந்தனமாரி மக."

"நான் போயி, அந்த வீட்டுப் பிள்ளைக்காக, ஒருத்தன் முன்னால கை கட்டி நிக்கணுமா?"

"நம்ம நிவேதாவுக்காகத்தான் மாமா."

"நிவேதாவுக்காகத்தான் நானும் பாக்கிறேன்." அவர் குரலை உயர்த்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். "வீரபாகு, தொட்டிக்கு அடிக்க வாங்கின சுண்ணாம்பு மிச்சம் இருக்கா?"

பொங்கலுக்கு வெள்ளையடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம், வீடு, மாட்டுக்கொட்டகை, திருகைக்கல் வரைக்கும் அடிப்போம், தண்ணீர்த் தொட்டிக்கு வருசாவருசம் நான்தான் அடிப்பேன். மிச்சம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார்கள். "இருக்கு தலைவரே," என்றேன்.

கௌசல்யா பிள்ளையை மதுரைக்குச் சோதனைக்குக் கூட்டிப்போன நாளாகப் பார்த்து வைத்தார்கள், ஜனவரி பத்து. காலை பதினோரு மணி வெயிலில் அழகுமலையும் நாலைந்து பேரும் சுற்றி நின்றார்கள், பொங்கல் வருதுல்ல, சுவர் அழுக்கா இருக்குல்ல என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நான் தகரத்தைக் கழற்றிவிட்டுச் சுண்ணாம்பு மட்டையை வாளியில் முக்கி மேல்கோட்டில் வைத்தேன். ஒரு இழுப்பில் மங்கியது, இரண்டாம் இழுப்பில் போய்விட்டது. மூன்று நாள் அடைமழை அழிக்காததை என் கை இரண்டே இழுப்பில் அழித்தது. மழைக்கு அழிக்கும் எண்ணம் இல்லை, எனக்கு இருந்தது, அவ்வளவுதான்.

அதற்குள் யாரோ சொல்லி, சந்தனமாரி சூளையில் இருந்து முழங்கால்வரை மண்ணோடு ஓடிவந்தாள். வந்தவள் கத்தவில்லை, என் மட்டைக்கும் தூணுக்கும் நடுவில் புகுந்து, கீழ்க்கோட்டின் மேல் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணையாவது விட்டுருங்கய்யா. பதினாலு நாள்தான் இருக்கு. ஒத்தக் கோட்டுல பாதி உசுராவது நிக்கும்யா."

அவளைப் பிடித்து இழுக்க ஒருவரும் முன்வரவில்லை. தொடக் கூடாது என்பது ஒன்று. அவள் கை முறிந்தால் யார் கை முறியுமோ என்ற பயம் ஒன்று. அழகுமலை கையை அசைத்து எங்களை விலகச் சொன்னார். "சரி விடுங்கடா. ஒத்தைக் கோடு கணக்குக்கு ஆகாது," என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு நடந்தார்.

ஒத்தைக் கோடு எந்தக் கணக்குக்கு ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அவள் கையை எடுத்த பிறகு, வெள்ளைக்கு நடுவில் தனியாகக் கிடந்த அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்ததுமே அதன் பெயர் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. மிச்சத்தையும் அழித்திருந்தால் ஒரு பிள்ளை போயிருக்கும், கரியை எடுத்து மேலே ஒன்று இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. எதையும் செய்யாமல், எதையும் சொல்லாமல், வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். 

மறுநாள் விடிந்ததும் ஊர் வால்வைத் திறந்தேன், தண்ணீர் வரவில்லை. காலனி வால்வைத் திறந்தேன், அதிலும் வரவில்லை. முந்தின நாள் விளிம்புவரை நிரப்பிய தொட்டியில் ஏறி எட்டிப் பார்த்தேன், அடியில் ஈரம்கூட இல்லை. கிணறுகள் இரண்டும் காய்ந்து கிடந்தன. ஆனால் தெருவில் எல்லோரும் சந்தோசமாக இருந்தார்கள். இடுப்பு வலி போய்விட்டது, பாத வெடிப்பு போய்விட்டது, சாக்கடை வற்றிவிட்டது, சுண்ணாம்பு நல்ல வேலை செய்துவிட்டது என்று ஊரில் பேச்சு. காலனியிலும் வலி இல்லை. ஒரே அளவில் இருந்தது எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் போய்க்கொண்டிருந்தது, நோவு முதலில் போனதால் அது நல்லது மாதிரித் தெரிந்தது.

அட்சயா அன்று பஸ் ஸ்டாப்புக்கு ஓடிவந்தது. பிறந்ததில் இருந்து ஓடாத பிள்ளை, பையை முதுகில் போட்டுக்கொண்டு, புழுதி பறக்க, சிரித்துக்கொண்டே ஓடிவந்தது. பின்னாலேயே சந்தனமாரி, மூச்சிரைக்க. "பாத்தீங்களாய்யா, ஒத்தக் கோட்டுக்கே இப்படி," என்றாள் என்னிடம். கௌசல்யாவின் கையைப் பிடிக்காமல் நிவேதாவும் நடந்து வந்தது, உதடு ரோசாப்பூ நிறத்துக்குத் திரும்பியிருந்தது. அந்த இரண்டு தாய்மாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன்.

அட்சயா தூணைப் பார்த்தது.

"தாத்தா, மேல்கோட்டை யாரு அழிச்சது?"

"பொங்கலுக்கு வெள்ளையடிச்சோம்த்தா."

"இது இப்ப மைனஸ் தாத்தா."

நான் பஸ் வருகிற திக்கைப் பார்த்தேன்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கையில நடுவுல மைனஸ் போட்டா..." என்று பிள்ளை விரலை மடக்க ஆரம்பித்தது. அது விரல் மடக்கிக் கணக்குப் போடுகிற பிள்ளை இல்லை, விடை தெரிந்துதான் மடக்கியது என்று நினைக்கிறேன். தூணுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து நிவேதா எட்டிப் பார்த்தது. அதுவும் இங்கிலீஷில் கணக்குப் படிக்கிற பிள்ளைதானே. "ஸீரோ," என்றது.

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதான். எட்டுப் பத்து பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. களைத்துப்போன மாதிரி, தூணின் வலது பக்கம் ஒன்றும் இடது பக்கம் ஒன்றுமாக, இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சாய்ந்து உட்கார்ந்தன. கண்டக்டர் ஏறு ஏறு என்று கூப்பிட்டார். இரண்டு உதட்டிலும் நீலம் இல்லை, நோவு இல்லை, மூச்சும் இல்லை.

அந்த வருசம் சாலிநத்தத்தில் பொங்கல் இல்லை. இரண்டு பக்கமும் பசி போனது, தூக்கம் போனது, சோற்றில் உப்பு போட்டாலும் உறைப்பு போட்டாலும் நாக்கில் ஒன்றும் ஏறவில்லை. காலனியில் இல்லாத ஒன்று எங்களிடம் இருந்தால் அது மட்டும் எங்களுக்கு மிஞ்சும் என்பது கழித்தல் கணக்கு. அப்படி மிஞ்சியதைத் தேடிப் பார்த்தோம், நாங்கள் காசு போட்டுக் கட்டிய சுவர் மிஞ்சியிருந்தது. அழகுமலை தூணடியில் உட்கார்ந்து அழுதார், அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். கரியை எடுத்து மேல்கோட்டைத் தன் கையாலேயே இழுத்தார், சாயங்காலத்துக்குள் பொடியாய் உதிர்ந்துவிட்டது. பெயிண்ட் வாங்கி வந்து இழுத்தார், பெயிண்டும் உரிந்து விழுந்தது. கீழ்க்கோட்டை அழிக்க இன்றுவரை யாருக்கும் துணிச்சல் வரவில்லை, சுற்றிலும் முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறோம். லாரித் தண்ணீர் வெளியில் இருந்து வருகிறது, இரண்டு பக்கமும் வரிசையில் நின்று பிடிக்கிறார்கள்.

ஜனவரி இருபத்திநாலு அன்று காலை ஏழு மணி பஸ்ஸுக்கு சந்தனமாரி வந்து நின்றாள், கையில் சுருக்குப்பை. எங்கே போகிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கொஞ்ச நேரத்தில் கௌசல்யா வந்தாள், கையில் இரண்டு ஸ்கேன் படம். இருவரும் ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் கடைசி சீட்டில் ஏறிக்கொண்டேன், ஏன் ஏறினேன் என்று எனக்கே தெரியாது. அவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் பத்தில் இருந்து பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் நீல உதட்டுப் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள். நர்ஸ் வந்து, சாலிநத்தம் அட்சயா என்று கூப்பிட்டாள். இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

"பிள்ளையோட அம்மா யாரு?"

"நாங்கதான்," என்றாள் கௌசல்யா.

"பிள்ளை எங்க?"

சந்தனமாரி அட்டையை எடுத்து நீட்டினாள். "தேதி இன்னைக்குத்தானம்மா? கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

நர்ஸ் வாங்கி, "ஜனவரி இருபத்திநாலு. இன்னைக்குத்தான்," என்றாள்.

"அப்பச் சரிதான்," என்று சந்தனமாரி அட்டையைத் திரும்ப வாங்கிச் சுருக்குப்பையில் வைத்தாள். பிறகு இருவரும் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.